ஆன்டெனாவுக்கு மைக் தெரிய வேண்டும்

நடுவர் இடது பக்கம் திரும்பினால் குரல் அறுந்தது. வலது பக்கம் திரும்பினால் வந்தது.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் கோயில் கொடைக்குப் பட்டிமன்றம் வைத்திருந்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடுவருக்குக் காலர் மைக், இரண்டு அணிக்கும் சேர்த்துக் கையில் பிடிக்கிற கார்ட்லெஸ் (வயர் இல்லாத) மைக் இரண்டு. மத்தியானம் மூன்று மணிக்கு செட்டு கட்டி முடித்து, மேடையில் மூலைமூலையாக நின்று பேசிப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூடக் குரல் விடவில்லை. மேடையிலிருந்து 35 மீட்டர் தள்ளி, பந்தலின் கடைசியில் மிக்சர். மிக்சர் மேசைக்குக் கீழே இரும்பு ரேக். அதற்குள் மைக்கின் அலையை வாங்கிக் குரலாக்கும் ரிசீவர்கள், அவற்றின் முதுகில் குட்டி ஆன்டெனாக்கள்.

ராத்திரி எட்டு மணிக்கு பந்தல் நிறைந்து, இடம் கிடைக்காதவர்கள் பின்னால் நின்றார்கள். நடுவர் பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் குரல் விட்டுவிட்டு வந்தது. பேட்டரியை மாற்றினேன். அலை பலவீனமானால் ஒலியை அடைத்துவிடும் ஸ்கெல்ச்சைக் குறைத்தேன். குரல் அறுந்த இடத்தில் இப்போது இரைச்சல் வந்தது, அது இன்னும் மோசம். கடைசியில் நடுவரே "தம்பி, வயர் மைக் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கி, ஸ்டாண்டில் வைத்து மூன்று மணி நேரம் பேசினார். பணம் முழுசாகக் கொடுத்தார்கள். வாங்கத்தான் மனசு கூசியது.

அன்று என்ன நடந்தது என்று புரிய எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது. காலர் மைக்கின் டிரான்ஸ்மிட்டரை, அதாவது அலையை அனுப்பும் சின்னப் பெட்டியை, நடுவர் வேட்டி மடிப்பில், இடது இடுப்பில் செருகியிருந்தார். இடது அணியைப் பார்த்துத் திரும்பும்போது அந்த இடுப்பு மேடையின் பின்சுவரைப் பார்த்தது. அவர் உடம்பு முழுவதும் டிரான்ஸ்மிட்டருக்கும் என் ரிசீவருக்கும் குறுக்கே நின்றது. நம் உடம்பில் பெரும்பகுதி உப்புக் கரைந்த தண்ணீர். கார்ட்லெஸ் மைக் அனுப்பும் யு.எச்.எஃப். ரேடியோ அலையை அது விழுங்கும். ஒரு ஆள் குறுக்கே வந்தாலே 10 டெசிபல், அதற்கு மேலும்கூடப் போகும். 10 டெசிபல் என்றால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம். என் ஆன்டெனாவோ மேசைக்கு அடியில், முழங்கால் உயரத்தில் இருந்தது. மேடையிலிருந்து அங்கே வர, அலை நூற்றுக்கணக்கான உடம்புகளைத் தாண்ட வேண்டும். மத்தியானம் அங்கே இருந்தவை வெறும் பிளாஸ்டிக் நாற்காலிகள். அலைக்கு அவை இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். நான் காலிப் பந்தலைச் சோதித்துவிட்டு, நிறைந்த பந்தலுக்கு நிகழ்ச்சி நடத்தினேன்.

இது புரிவதற்கு முன்னால் இன்னொரு தவறும் செய்தேன். ரிசீவர் தூரத்தில் இருப்பதுதான் பிரச்சினை, ஆன்டெனாவை மட்டும் மேடைக்குக் கொண்டுபோனால் போதும் என்று நினைத்தேன். அடுத்த முறை சென்னை போனபோது ரிச்சி தெருவில் 40 மீட்டர் நீளத்துக்கு மெல்லிய கறுப்பு கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்), ஆர்.ஜி. 58 வகை, இரண்டு சுருள் வாங்கிவந்தேன். ரிசீவரின் முதுகில் இருந்த அதே குட்டி ஆன்டெனாக்களைக் கழற்றிக் கேபிளின் மறுமுனையில் மாட்டி, மேடை ஓரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். ரிசீவரில் ஆர்.எஃப்., அதாவது ரேடியோ அலையின் பலத்தைக் காட்டும் கட்டைகள் முன்பு இருந்ததைவிடக் குறைந்துபோயின.

தப்பு இரண்டு. முதலாவது கேபிள். 600 மெகாஹெர்ட்ஸில் ஆர்.ஜி. 58 கேபிள் 100 மீட்டருக்குச் சுமார் 35 டெசிபல் தின்றுவிடும், மட்டமான சரக்காக இருந்தால் இன்னும் அதிகம். 40 மீட்டருக்கு 14 டெசிபல். ஆன்டெனா பிடித்ததில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் ரிசீவருக்கு வந்து சேர்ந்தது. இரண்டாவது அந்தக் குட்டி ஆன்டெனா. 600 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் 50 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு நீளமுள்ள 12.5 சென்டிமீட்டர் ஆன்டெனா தனியாக முழு ஆன்டெனா ஆகாது. ரிசீவரின் உலோகப் பெட்டிதான் அதற்கு மறுபாதி. பெட்டியிலிருந்து பிரித்துக் கேபிள் நுனியில் தொங்கவிட்டால் பாதி ஆன்டெனாதான் மிஞ்சும். வெளியே தனியாக வைப்பதற்கு அரை அலை நீளத்தில், அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரத்தில் வரும் ஆன்டெனா கேட்டு வாங்க வேண்டும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் போய், மார்கழிக் கச்சேரிகளுக்கு பல வருஷம் ஒலி பார்த்துவிட்டுத் திரும்பிவந்த ஒரு அண்ணாச்சி. ஒரு கல்யாண வரவேற்பில் என் செட்டைப் பார்த்தவர் முதலில் கேட்டது இதுதான்:

"தம்பி, ரிசீவர் எதுக்கு மிக்சர் பக்கத்துல இருக்கு?"

"கட்டைய பார்த்துக்கிட்டே இருக்கலாம்லா, அண்ணாச்சி."

"நீ பார்க்கறதுக்கா வச்சிருக்க? மைக் பார்க்கறதுக்கு வை. மேடை ஓரத்துக்குக் கொண்டு போ. ஆடியோவ எவ்வளவு தூரம் வேணாலும் வயர்ல கூட்டிட்டு வரலாம், ஆர்.எஃப். அப்படி வராது."

அன்றைக்கே ரேக்கைத் தூக்கி மேடை ஓரத்தில் வைத்தோம். ரிசீவரின் எக்ஸ்.எல்.ஆர். ஆடியோ வெளியீடுகளை, மேடையிலிருந்து மிக்சருக்குப் பல லைன்களைச் சேர்த்துக் கொண்டுபோகும் ஸ்னேக் கேபிளில் செருகினோம், அது ஏற்கனவே மேடையில் கிடந்தது. ஆடியோ, வெளி இரைச்சலைத் தள்ளிவிடும் பாலன்ஸ்டு லைனில் 50 மீட்டர் வந்தாலும் காதுக்கு எந்தக் குறையும் தெரியாது. கட்டைகள் எல்லாம் மேலே ஏறி நின்றன. ஒரு ரூபாய் செலவில்லை. இன்றைக்கும் யாராவது "கார்ட்லெஸ் விட்டுவிட்டு வருது, என்ன ஆன்டெனா வாங்கலாம்?" என்று கேட்டால், முதலில் ரிசீவரை மேடைக்குக் கொண்டுபோங்கள் என்றுதான் சொல்கிறேன். முக்கால்வாசிப் பேருக்கு அத்துடன் பிரச்சினை முடிந்துவிடுகிறது.

மேடை ஓரம் என்றால் தரையில் என்று அர்த்தம் இல்லை. ஆன்டெனா தலைகளுக்கு மேலே இருக்க வேண்டும். நான் இரண்டு லைட் ஸ்டாண்டை இரண்டரை மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, அவற்றில் ஆன்டெனாவை வைக்கிறேன். மிகவும் ஒட்டியும் வைக்கக் கூடாது. பேசுகிறவருக்கும் ஆன்டெனாவுக்கும் மூன்று மீட்டராவது இடைவெளி இருக்கட்டும், இல்லையென்றால் ரிசீவர் திணறும். தகரப் பந்தல், லைட் தொங்கவிடும் டிரஸ் கம்பி, இரும்புத் தூண் எதிலும் ஆன்டெனாவை ஒட்டிக் கட்டக் கூடாது. ஒரு முழமாவது தள்ளியிருக்க வேண்டும்.

ஒரு ரிசீவருக்கு ஏன் இரண்டு ஆன்டெனா என்று பலருக்குத் தெரிவதில்லை. தெரியாததால் ஒன்று உடைந்தால் கண்டுகொள்வதும் இல்லை. மைக்கிலிருந்து அலை நேராகவும் வரும், சுவரிலும் தகரத்திலும் பட்டுத் திரும்பியும் வரும். இரண்டும் ஒரு இடத்தில் எதிரெதிராகச் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். அந்த இடத்தில் ஆன்டெனா இருந்தால் அதற்கு ஒன்றும் கேட்காது. ஒரு சாண் தள்ளி இருக்கும் ஆன்டெனாவுக்கு நன்றாகக் கேட்கும். இரண்டில் எதில் நன்றாக வருகிறதோ அதை ரிசீவர் எடுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டுக்கும் நடுவே குறைந்தது கால் அலை நீளம் வேண்டும். நான் ஒரு மீட்டருக்குக் குறைத்து வைப்பதில்லை. குட்டி ஆன்டெனாவாக இருந்தால் இரண்டையும் 'வி' எழுத்துப் போல வெளிப்பக்கம் சாய்த்து வைக்க வேண்டும். பாடுகிறவர் மைக்கை நேராகவே பிடித்துக்கொண்டிருக்க மாட்டார் அல்லவா? சாய்ந்த மைக்கின் அலையும் சாய்ந்தே வரும். அதைப் பிடிக்க ஒன்றாவது அதே சாய்வில் இருக்கட்டும்.

படகுத் துடுப்பு போலத் தட்டையாக இருக்கும் துடுப்பு ஆன்டெனாவைப் பற்றி அண்ணாச்சி சொன்னபோது எனக்கு எங்கள் வீட்டு மொட்டைமாடி ஞாபகம் வந்தது. எண்பதுகளில் எங்கள் கடற்கரைப் பக்கம் தூர்தர்ஷன் சரியாக எட்டவில்லை. 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினிதான் எங்களுக்கு டிவி. பிதுருதலாகல மலை உச்சியிலிருந்து கடல் தாண்டி வரும் அந்த அலையைப் பிடிக்க வீட்டுக்கு வீடு உயரமான குழாய் நட்டு, அதன் நுனியில் ஆன்டெனாவைக் கட்டித் தென்கிழக்கே திருப்பி வைத்திருந்தார்கள். அப்பா மேலே நின்று குழாயைத் திருப்புவார். நான் வாசலில் நின்று "தெரியுது, தெரியுது, போச்சு, பழையபடி திருப்புங்க" என்று கத்துவேன். அந்த ஆன்டெனாவுக்குத் திசை உண்டு. முன்னால் இருப்பது நன்றாகக் கேட்கும், பின்னால் இருப்பது கேட்காது. இன்றைய துடுப்பு ஆன்டெனாவும் அதே குணம்தான். மேடைப் பக்கம் மூக்கைக் காட்டி, தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். படுக்க வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். படுக்க வைத்தால் செங்குத்தாக நிற்கும் மைக்கின் அலையைப் பெருமளவு இழந்துவிடுவோம்.

அப்பா அந்தக் காலத்தில் செய்த இன்னொன்றும் எனக்கு இப்போதுதான் புரிகிறது. அலையைப் பெருக்கும் பூஸ்டரை அவர் டிவிக்குப் பக்கத்தில் வைக்கவில்லை, குழாய் நுனியில் ஆன்டெனாவுக்கு அடியிலேயே கட்டினார். கேபிளில் தேய்ந்து, இரைச்சலோடு இரைச்சலாகிவிட்ட பிறகு பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும். தேயும் முன்னே பெருக்கி அனுப்ப வேண்டும். பூஸ்டர் உள்ள துடுப்பு ஆன்டெனாக்களில் அது ஆன்டெனாவிலேயே உட்கார்ந்திருப்பது இதனால்தான். ஆனால் பூஸ்டர் இருக்கிறதே என்று அதிகபட்சத்தில் வைப்பது பெரிய தப்பு. கேபிள் எவ்வளவு தின்கிறதோ அதை மட்டும் ஈடுகட்டினால் போதும். 15 மீட்டர் ஆர்.ஜி. 8 எக்ஸ் கேபிள் என்றால் சுமார் 4 டெசிபல் போகும், 6 டெசிபல் பூஸ்டர் தாராளம். அதே நீளத்துக்குப் பருமனான எல்.எம்.ஆர். 400 போட்டால் இரண்டு டெசிபல்கூடப் போகாது, பூஸ்டரே வேண்டாம். தேவைக்கு மேல் பெருக்கினால் பக்கத்து அலைகளும் சேர்ந்து பெரிதாகி ரிசீவரைக் குழப்பும். கட்டை முழுசாக நிற்கும், குரல் மட்டும் விடும்.

கேபிள் பற்றி இன்னொரு விஷயம். மைக் ஆன்டெனா அமைப்பெல்லாம் 50 ஓம் இம்பீடன்ஸ் (மின்மறுப்பு), டிவி கேபிள் 75 ஓம், அதைத் தொடவே கூடாது என்று பலர் சொல்வார்கள். நான் தொட்டிருக்கிறேன். இந்த வேறுபாட்டால் ஏற்படும் இழப்பு அரை டெசிபலுக்கும் குறைவு. நல்ல ஆர்.ஜி. 6 கேபிள் இந்த அலைவரிசையில் ஆர்.ஜி. 58-ல் பாதி அளவுதான் தின்னும். ஒரு தேவாலயத்தில் நிரந்தரமாக ஓட்டிய லைன் அப்படித்தான் இன்றும் வேலை செய்கிறது. அடிக்கடி சுருட்டி விரிக்கிற வேலைக்கு மட்டும் அது தாங்காது.

ரேக்கில் ரிசீவர் நான்கானபோது பின்னால் எட்டு ஆன்டெனா, ஒன்றோடொன்று உரசிக்கொண்டு. இரண்டு துடுப்பு வாங்கி எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கலாம் என்று 'டி' கனெக்டர் போட்டுப் பிரித்தேன். அது வேண்டாம். 'டி' வெறுமனே ஒட்டுப்போடுகிறதே தவிர முறையாகப் பங்கு வைப்பதில்லை. இரண்டாகப் பிரிக்க அதற்கென்று உள்ள ஸ்பிளிட்டர், அதிலும் 3 டெசிபலுக்குச் சற்று மேல் போகும். நான்குக்கு மின்சாரம் வாங்கிப் பெருக்கிப் பிரிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர். விலை கையைக் கடிக்கும், ஆனால் நாலு ரிசீவருக்கு மேல் போனால் வேறு வழி இல்லை. பல டிஸ்ட்ரிபியூட்டர்கள் பூஸ்டருக்காக ஆன்டெனா முனையில் மின்னழுத்தம் தரும். பூஸ்டர் இல்லாத ஆன்டெனாவை அதில் மாட்டும் முன் அது தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எல்.இ.டி. வால், அதாவது எல்.இ.டி. பலகைகளை அடுக்கிச் சுவர் போல நிறுத்தும் பெரிய திரை. கல்யாண வரவேற்புகளில் இப்போது மேடைக்குப் பின்னால் அது இல்லாத இடமே இல்லை. அந்தப் பலகைகளுக்குள் இருக்கும் மின்சுற்றுகள் யு.எச்.எஃப். முழுக்க இரைச்சலைக் கொட்டுகின்றன. ஒரு வரவேற்பில் மத்தியானம் அலைவரிசைகளை ஸ்கேன் செய்து சுத்தமானதாகத் தேர்ந்து வைத்தேன். மாலை ஆறு மணிக்கு வாலைப் போட்டார்கள். பாடகி மேடையின் பின்பக்கம் நகரும்போதெல்லாம் குரல் விட்டது. மத்தியானம் வால் அணைந்திருந்தது, அவ்வளவுதான் விஷயம். பட்டிமன்றத்தில் செய்த அதே தப்பை வேறு உருவத்தில் செய்திருக்கிறேன். அன்றிலிருந்து வால் எரியாமல் ஸ்கேன் செய்வதில்லை. வால்காரத் தம்பிகளிடம் முன்கூட்டியே சொல்லி, பத்து நிமிடம் போடச் சொல்லிக் கேட்பேன். மறுத்தவர்கள் யாரும் இல்லை.

ஆன்டெனாவை எங்கே வைப்பது என்பதும் வாலைப் பொறுத்து மாறும். பார்வையாளர் பக்கத்திலிருந்து மேடையை நோக்கி வைத்தால் பாடுகிறவரோடு வாலும் சேர்ந்து அதன் முகத்துக்கு நேரே வந்துவிடும். நான் மேடையின் முன் ஓரத்தில், பக்கவாட்டில் வைத்து, மேடைக்குக் குறுக்கே பார்க்கும்படி திருப்புகிறேன். வால் அப்போது ஆன்டெனாவின் பக்கவாட்டுக்குப் போய்விடுகிறது, பாடுகிறவர் நேரே வருகிறார். சோதிப்பது சுலபம். மைக் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வால், லைட், ஜெனரேட்டர் எல்லாம் ஓடட்டும். இப்போது ரிசீவரில் ஒரு கட்டைகூட ஏறக் கூடாது. ஏறினால் அது இரைச்சல். ஆன்டெனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, நகர்த்தி, கட்டை விழும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். மாடியில் அப்பா குழாயைத் திருப்பியது போலத்தான். அப்புறம் ஒவ்வொரு மைக்காகப் போட்டு, அதன் ரிசீவர் மட்டும் ஏறுகிறதா, மற்றவை சும்மா இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

மற்றவையும் ஏறினால் அலைவரிசைத் தேர்வில் கோளாறு. ஆரம்பத்தில் நான் ஞாபகம் வைக்க வசதியாக 606.0, 606.4, 606.8 மெகாஹெர்ட்ஸ் என்று ஒழுங்காக இடைவெளி விட்டு வைத்தேன். அந்த ஒழுங்குதான் வினை. இரண்டு மைக் அருகருகே இருந்தால் அவற்றின் அலைகள் கலந்து புதிய அலைகள் பிறக்கும். 606.4-ஐ இரட்டித்து 606.0-ஐக் கழித்தால் 606.8. மூன்றாவது மைக்கின் மேலேயே போய் விழுகிறது. கம்பெனி ஏற்கனவே கணக்குப் போட்டுத் தரும் அலைவரிசைக் குரூப்பில், எல்லா மைக்குக்கும் ஒரே குரூப் எண்ணும் வெவ்வேறு சேனல் எண்ணும் வையுங்கள். உபயோகிக்காத மைக்குகளைப் போட்ட நிலையில் மேசையில் ஒன்றாகக் குவித்து வைக்காதீர்கள். பாடகர்கள் தங்கள் குரலைக் கேட்கக் காதில் செருகும் வயர் இல்லாத இன்-இயர் வைத்தால் அதன் டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவை மைக் ஆன்டெனாவிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள்.

பழைய செட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். என்னிடம் 740 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுகிற இரண்டு மைக் இருந்தன, வருஷக்கணக்காக நன்றாக உழைத்தவை. 2022-இல் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஏலம் போய், 5ஜி வந்தது. 703 முதல் 748 வரை போனிலிருந்து டவருக்கு, 758 முதல் 803 வரை டவரிலிருந்து போனுக்கு. 740 போன்கள் பேசும் இடம். காலி மண்டபத்தில் சுத்தமாக இருக்கும், கூட்டம் வந்ததும் நூறு போன்கள் ஆன்டெனாவைச் சுற்றி உட்கார்ந்துவிடும். எந்த ஆன்டெனா வைத்தாலும் அதற்கு மருந்து கிடையாது. அந்த இரண்டையும் எடுத்து வைத்துவிட்டேன், யாருக்கும் விற்கவும் இல்லை.

கூட்டம் இல்லாத நேரத்தில் கூட்டத்துக்காகச் சோதிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். என்னோடு வருகிற பையனை மேடை முழுக்க நடக்கச் சொல்வேன், ஆன்டெனாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மைக்கை வயிற்றோடு அணைத்து, அடிப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டு. கையில் பிடிக்கிற மைக் பலவற்றில் ஆன்டெனா அந்த அடிப்பகுதியில்தான் இருக்கிறது. எண்ணிக்கொண்டே நடப்பான். அந்த நிலையிலும் விடவில்லை என்றால்தான் மிக்சருக்குத் திரும்புவேன். காலர் மைக்காக இருந்தால் பேசுகிறவர் எந்தப் பக்கம் அதிகம் திரும்புவார் என்று கேட்டு, ஆன்டெனா இருக்கும் பக்கத்து இடுப்பில் செருகச் சொல்கிறேன். பெரியவர்களிடம் "ஐயா, இந்தப் பக்கம் வச்சுக்கிட்டா குரல் தெளிவா வரும்" என்று சொன்னால் மறுக்காமல் மாற்றிக்கொள்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, எங்கள் ஊர்க்காரர்களுக்கு. போன வருஷம் கொஞ்ச நாளாக எல்லாச் செட்டிலும், எந்த ஆன்டெனாவை ரிசீவர் எடுத்துக்கொள்கிறது என்று காட்டும் 'ஏ', 'பி' விளக்குகளில் 'பி' மட்டுமே எரிந்துகொண்டிருந்தது. குரல் நன்றாக வந்ததால் நான் யோசிக்கவில்லை. ஒருநாள் 'பி' ஸ்டாண்டை யாரோ நகர்த்திவிட, மொத்தமாகப் போய்விட்டது. 'ஏ' கேபிளின் பி.என்.சி. கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருந்தது. உப்புக் காற்று. எத்தனை நிகழ்ச்சிகள் ஒற்றை ஆன்டெனாவில் ஓட்டியிருக்கிறேன் என்று தெரியவில்லை. இரண்டு இருப்பதால், ஒன்று செத்தாலும் வெளியே தெரியாது. இப்போது ஒவ்வொரு முறையும் 'ஏ'-யைக் கழற்றிவிட்டுப் பையனை ஒரு சுற்று நடக்க விடுகிறேன், மாட்டிவிட்டு, 'பி'-யைக் கழற்றி இன்னொரு சுற்று. நாலு நிமிடம் ஆகிறது. ஆடி மாதக் கொடைகள் தொடங்கும் முன் எல்லாக் கனெக்டரையும் துடைத்து, ஆடிக் காற்றில் ஸ்டாண்டு சாயாதபடி காலுக்கு மணல் மூட்டை கட்டி வைக்கிறோம்.